அப்பாவின் ரிவால்வரை காரில் வைத்துக்கொள்ளலாமா?

சென்னையிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு சவுகார்பேட்டையில் வெள்ளிச் சாமான் மொத்த வியாபாரம். மாதத்தில் ஏழெட்டு நாள் சொந்த காரில் விழுப்புரம், கடலூர்க் கடைகளுக்குச் சரக்கு போட்டு, பணம் வசூலித்துக்கொண்டு இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்புவார். போன வருடம் மரக்காணம் தாண்டி ஒரு பைக் வெகுதூரம் பின்தொடர்ந்திருக்கிறது. ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டியதும் அது போய்விட்டது. போலீசில் சொல்லவில்லை.

அவருடைய அப்பா கோவில்பட்டிக்காரர். தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். பாதுகாப்புக்காக .32 ரிவால்வர் ஒன்றை முறையான லைசென்ஸோடு பல வருடம் வைத்திருந்தார். எட்டு மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். காரியம் முடிந்ததும் ரிவால்வர், பதினோரு தோட்டா, லைசென்ஸ் புத்தகம் மூன்றையும் மகன் சென்னைக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு முறை அதை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு கடலூர் போய் வந்திருக்கிறார். இரண்டாவது முறை வழியில் வாகனச் சோதனை. குடித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். “அன்றைக்குக் கை நடுங்கியது, இன்னும் நிற்கவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

ஹூஸ்டனில் இருக்கும் அவருடைய மச்சான், “கார் என்பது வீடு மாதிரி, உன் காரில் நீ வைத்துக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்?” என்று தைரியம் சொல்கிறாராம். வாசகரின் கேள்விகள் நான்கு. மச்சான் சொல்வது இங்கே செல்லுமா? தோட்டாவை எடுத்துவிட்டு டிக்கியில் பூட்டி வைத்தால் பரவாயில்லையா? அப்பாவின் லைசென்ஸ் வாரிசான தனக்கு வருமா? மாட்டிக்கொண்டால் வண்டி ஓட்டும் டிரைவருக்கும், கூட வரும் 20 வயது அக்கா மகனுக்கும் சிக்கல் வருமா?

உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் சொல்லப் போவதில்லை. உங்கள் கேள்விகளில் அதிக அவசரமானதை நீங்கள் கேட்கவே இல்லை. காரில் எங்கே வைப்பது என்று யோசிக்கிறீர்கள். அந்த ரிவால்வர் இன்று உங்கள் பீரோவில் இருப்பதே சட்டப்படி சரியில்லை.

அப்பாவோடு போய்விட்ட லைசென்ஸ்

ஆயுதச் சட்டம், 1959-இன் 3-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுத்துச் செல்லக் கூடாது என்கிறது. உரிமம் அந்த ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. உங்கள் அப்பா இருந்த காலத்தில்கூட அவருடைய துப்பாக்கியை நீங்கள் எடுத்துப் போகச் சட்டம் கொடுத்திருந்த இடம் மிகக் குறுகியது. அவர் கூட இருக்க வேண்டும், அல்லது அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, அல்லது அவருடைய உபயோகத்துக்காக மட்டும். எழுதிக் கொடுக்க வேண்டியவரே இன்று இல்லை.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது 21-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவர் தேவையில்லாத தாமதம் இன்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கத் தவறுவதே தனிக் குற்றம். காரியத்துக்கு முந்தியோ பிந்தியோ ஒரு மாதம் ஆனது என்றால் யாரும் புரிந்துகொள்வார்கள். எட்டு மாதத்துக்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் புத்தகத்தில் காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு உதவாது. அப்பாவின் டிரைவிங் லைசென்ஸில் பத்து வருடம் மிச்சம் இருக்கிறது என்று அதைக் காட்டி நீங்கள் வண்டி ஓட்ட முடியுமா?

மச்சானின் டெக்சாஸும் நம் கடற்கரைச் சாலையும்

உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை. டெக்சாஸில் 2007-லேயே ஒரு சட்டம் வந்தது. தன் சொந்த வண்டிக்குள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டாம் என்று அது சொன்னது. 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் வண்டிக்கு வெளியேகூட உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்லலாம். ஆனால் அதே காரை கலிபோர்னியாவுக்கு ஓட்டிப் போனால் கதை வேறு. அங்கே தனி உரிமம் இல்லாதவர் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோதான் கொண்டுபோக வேண்டும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். அமெரிக்காவுக்குள்ளேயே எல்லை தாண்டினால் மாறுகிற சட்டத்தை மச்சான் வாட்ஸ்அப்பில் மரக்காணத்துக்கு அனுப்பிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். அவர் அங்கே எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறார் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, அவரே துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. அடுத்த முறை பேசும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அவர்களுக்கு 1791-இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகவே பேசுகிறது. நம் அரசியலமைப்பில் ஆயுதம் என்ற சொல் அடிப்படை உரிமைகளில் வருகிற இடத்தைப் பாருங்கள். 19-ஆவது பிரிவு, “அமைதியாக, ஆயுதமின்றி” கூடுகிற உரிமை என்கிறது. இங்கே துப்பாக்கி அரசு தருகிற அனுமதி. கேட்டு வாங்க வேண்டும், தரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம், தந்ததை அரசு திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கார் வீடா பொது இடமா? சட்டம் படிக்கிற பிள்ளைகள் விரும்பி வாதிடுகிற கேள்வி இது. பீகார் மதுவிலக்குச் சட்டம் தொடர்பான வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையில் போகிற தனியார் கார் பொது இடத்தில் அடங்கும் என்றது. 2021-இல் போதைப்பொருள் சட்டம் தொடர்பான இன்னொரு வழக்கில் தனியார் வாகனம் பொது இடம் ஆகாது என்றது. இரண்டும் அந்தந்தச் சட்டத்தின் சொற்களை வைத்துச் சொன்னவை. உங்களுக்கு இந்த வாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும் பயனில்லை. 3-ஆவது பிரிவு இடம் பார்ப்பதே இல்லை. உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டு பீரோவில் இருந்தாலும் குற்றம், காரில் இருந்தாலும் குற்றம். கார் வீடுதான் என்று நீங்கள் நிரூபித்துவிட்டாலும் நிலைமை அப்படியே இருக்கும்.

டிக்கியும் தோட்டாவும்

தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டத்தில் துப்பாக்கி என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும் வருகின்றன. கழற்றிப் பிரித்துத் துணியில் சுற்றினாலும் துப்பாக்கிதான். தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். ஆக, ரிவால்வரை டிக்கியிலும் தோட்டாவை டேஷ்போர்டிலும் வைத்தால், உரிமம் இல்லாத இரண்டு பொருளை இரண்டு இடத்தில் வைத்ததாகத்தான் கணக்கு.

“என் கையில் இல்லை, டேஷ்போர்டில் இருந்தது” என்பதும் எடுபடாது. வைத்திருத்தல் என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமில்லை. அந்தப் பொருள் இருப்பது தெரிந்து, அது தன் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இதே விளக்கம் மறுபக்கமும் வேலை செய்யும். உண்மையிலேயே தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்களைக் காப்பாற்றுவதும் இதுதான். வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், லைசென்ஸ் வைத்திருந்த தன் தாத்தாவின் பழைய பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் போனார். அடி மடிப்பில் ஒரே ஒரு தோட்டா. ஸ்கேன் செய்கிறவரைக்கும் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அவருக்காக நான் வாதாட ஒரு விஷயம் இருந்தது. உங்கள் விஷயத்தில் அந்த வாதம் இல்லை, நீங்களே எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

தண்டனை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலோ எடுத்துச் சென்றாலோ குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். தகுந்த காரணத்தை எழுதி வைத்துவிட்டு நீதிமன்றம் குறைக்கலாம், ஆனால் அந்தக் கருணையை நம்பி வண்டி எடுக்க முடியாது. உங்களிடம் இருப்பது .32 என்பதில் ஓர் ஆறுதல். 9 எம்.எம். போன்ற தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 ஆண்டிலிருந்துதான் கணக்கே ஆரம்பிக்கும்.

டிரைவரும் அக்கா மகனும்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. பலர் கேட்பதில்லை.

35-ஆவது பிரிவு இப்படிப் போகிறது. பலர் சேர்ந்து பயன்படுத்துகிற வீட்டிலோ வாகனத்திலோ சட்டவிரோத ஆயுதம் கிடைத்தால், அது இருப்பது தெரிந்திருந்தது என்று நம்ப இடமிருக்கிற ஒவ்வொருவரும், தனியாக அவரே செய்ததுபோல அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு. இல்லை என்றால் அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வாகனம் என்ற சொல் சட்டத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. “டிரைவருக்குத் தெரியும், நம்பிக்கையானவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நம்பிக்கையானவர் என்பது உங்களுக்கு நல்லது. அவருக்குத் தெரியும் என்பதுதான் அவருக்கு ஆபத்து. மாதச் சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவர், உங்கள் குடும்ப ரிவால்வருக்காக புழல் சிறைவரைக்கும் போய்வர நேரலாம்.

அக்கா மகனுக்கு வயது 20. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் கேட்கிற குறைந்த வயது 21. உங்களுக்கே நாளைக்கு லைசென்ஸ் கிடைத்தாலும், “கொஞ்சம் பிடிடா” என்று அவன் கையில் கொடுக்க முடியாது. டிரைவரிடமும் அப்படியே. உங்கள் சார்பாக ஓர் ஊழியர் ஆயுதத்தை வைத்திருக்க வேண்டும் என்றால் அவருடைய பெயர் உங்கள் உரிமத்திலேயே பதிவாகி இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

முதலில், கடலூர் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள். வீட்டிலும் அதைத் தொட வேண்டாம். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்க்கும் ஆசை வரும். பழக்கமில்லாத கை அதில் விளையாடக் கூடாது.

ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, குற்றவியல் நீதிமன்றத்தில் பழக்கமுள்ள எவரும் போதும். அவரோடு சேர்ந்து, நீங்கள் குடியிருக்கும் பகுதிக் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம் தயாரியுங்கள். அப்பாவின் பெயர், இறந்த தேதி, உரிம எண், ரிவால்வரின் தயாரிப்பு எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, இப்போது எங்கே இருக்கிறது, 21-ஆவது பிரிவின்படி ஒப்படைக்க விரும்புகிறீர்கள் என்பது. இவ்வளவுதான் அதில் வேண்டும். இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம் இரண்டின் நகலையும் இணையுங்கள். ரிவால்வரைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் மேசையில் வைக்காதீர்கள். வழியில் ஒரு சோதனையில் மாட்டினால், ஒப்படைக்கத்தான் போனேன் என்று நம்பவைப்பது கஷ்டம். கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கி, எப்படிக் கொண்டுவருவது என்று ஆய்வாளர் சொல்கிறபடி செய்யுங்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். தோட்டா பதினொன்று என்றால் ரசீதிலும் பதினொன்று என்று இருக்க வேண்டும், அங்கேயே எண்ணிப் பாருங்கள். உரிமம் கொடுத்த தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அந்த இரண்டு பயணங்களையும் கடிதத்தில் எழுத வேண்டுமா? எழுத வேண்டாம். அது ஒப்படைக்கிற கடிதம், வாக்குமூலம் இல்லை. ஆனால் “எடுக்கவே இல்லை” என்று பொய்யும் எழுதாதீர்கள். கேள்வி வந்தால், வழக்கறிஞர் மூலம் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு சொல்கிறது.

இதில் அபாயமே இல்லை என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். தாமதத்துக்காக வழக்குப் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 3-ஆவது பிரிவை மீறியதற்கு வழக்கு நடத்த மாவட்ட நடுவரின் முன்அனுமதி வேண்டும் என்று 39-ஆவது பிரிவு ஒரு வடிகட்டி வைத்திருக்கிறது. தானாக வந்து, காகிதங்களோடு ஒப்படைத்தவருடைய கோப்பும், நள்ளிரவில் டேஷ்போர்டிலிருந்து எடுக்கப்பட்டவருடைய கோப்பும் அந்த மேசையில் ஒரே மாதிரி தெரியாது.

வாரிசுக்கு லைசென்ஸ்

ஒப்படைத்தால் அப்பாவின் ஞாபகம் கைவிட்டுப் போய்விடும் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உடனே போய்விடாது. விதிகள் தரும் காலக்கெடுவுக்குள் நீங்கள் உரிமம் வாங்கி அதைத் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். இரண்டும் செய்யாமல் காலம் கடத்தினால்தான் அரசுடைமை ஆகும்.

2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் தர வழி இருக்கிறது. இறந்த பிறகு மட்டுமில்லை. உரிமம் பெற்றவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு அந்த ஆயுதத்தை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவரைக் காட்டி மாற்றிக் கொடுக்கலாம். உங்கள் அப்பா அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. வீட்டில் வயதான லைசென்ஸ்தாரர் இருக்கிற மற்ற வாசகர்கள் இதைக் கவனியுங்கள்.

வாரிசு என்பதால் தானாக வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுடையது புது விண்ணப்பம்தான். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அம்மா, அக்கா உட்பட மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அக்காவோடு சொத்துப் பேச்சு நடந்துகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து கேட்கப் போகும்போது தோப்புப் பேச்சை எடுக்காதீர்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் குழம்பியிருக்கிறீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடம்தான் கணக்கு, கோவில்பட்டி இல்லை. சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகம். ஆனால் 2022 ஜனவரியிலிருந்து தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி ஆணையரகம் இருக்கிறது. கடை சவுகார்பேட்டையில் இருந்தாலும் வீடு குரோம்பேட்டைப் பக்கம் என்றால் தாம்பரத்துக்குத்தான் போக வேண்டும்.

காவல் நிலைய விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாக வைக்க என்ன வசதி என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். உயிருக்கோ உடைமைக்கோ என்ன அச்சுறுத்தல் என்பதுதான் முக்கியக் கேள்வியாக இருக்கும். அந்த பைக் சம்பவத்தை நீங்கள் போலீசில் பதிவு செய்யாதது இங்கேதான் இடிக்கும். துப்பாக்கி தேவைப்படுகிற அளவுக்கு பயம், ஆனால் புகார் கொடுக்கிற அளவுக்கு இல்லையா என்று அதிகாரி கேட்டால் உங்களிடம் என்ன பதில்? வாகன எண், தேதி எது ஞாபகம் இருந்தாலும் இப்போதாவது எழுதிக் கொடுங்கள். பொது அமைதி, பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மறுக்கலாம். சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 18-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. கிடைத்தால் ஐந்து வருடத்துக்கு. 2019 வரைக்கும் அது மூன்று வருடமாக இருந்தது.

கிடைத்தபின் காரில் எப்படி?

கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோகிறவர் அதற்கான உறையில், முழுக்க மூடிய நிலையில், தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. டேஷ்போர்டு இந்த வருணனைக்குப் பொருந்தாது. சர்வீஸ் சென்டரில் விடும் காரிலோ, ஓட்டலில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் காரிலோ அது இருக்கவே கூடாது. அசல் உரிமம் கூடவே வேண்டும். போலீஸ் அதிகாரி எவரும் காட்டச் சொல்லலாம். காட்டத் தவறினால் ஆயுதத்தை எடுத்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சோதனையில் நிறுத்தினால் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, “சார், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது” என்று முதலில் வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்டப் போகாதீர்கள்.

அப்புறம் எல்லை. உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். மாவட்டம், மாநிலம், நாடு முழுக்க என்று மாறும். உங்களுடையது தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று வந்தால், நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையே உங்களை மாட்டிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலூர் போகிறவர் நடுவில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறார். டீ குடிக்கக்கூட நிற்காமல் கடந்தாலும் அங்கே அந்த உரிமம் செல்லாது. திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போனால் இந்தப் பிரச்சினை இல்லை. திருப்பதி, பெங்களூரு பயணத்துக்கும் இதே கதைதான்.

தேர்த் திருவிழா, ஊர்வலம், பள்ளி, கல்லூரி வளாகம் இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. தொகையைப் பார்த்து அலட்சியம் வேண்டாம், உரிமமே ரத்தாகலாம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி என்று யாராவது கேட்டால், அதற்கென்றே 2019-இல் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சேர்த்திருக்கிறார்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தை ஸ்டேஷனில் வைக்கச் சொல்லி அழைப்பு வரும், முடிவு வந்த பின்தான் திரும்பக் கிடைக்கும். அதே நாட்களில்தான் பறக்கும் படை சாலையில் நின்று, 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் கேட்கிறது. துப்பாக்கியும் இல்லாமல், பணத்துக்குக் காகிதமும் இல்லாமல் நிற்கிற நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அது உங்களைக் காப்பாற்றுமா?

தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. கொள்ளையடிக்க வந்தவனை எதிர்க்கும்போது அவன் உயிரே போனாலும் அந்த உரிமை சில நிலைமைகளில் உங்களைக் காக்கும். ஆனால் பின்னால் வருகிற பைக் இன்னும் கொள்ளை ஆகவில்லை. போலீசின் உதவியை நாட நேரம் இருக்கும்போது தற்காப்பு உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் அது இடம் தரவில்லை. மரக்காணத்தில் நீங்கள் பெட்ரோல் பங்கில் நிறுத்தினீர்களே, அதுவே சரியான தற்காப்பு. அன்று டேஷ்போர்டில் ரிவால்வர் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

எட்டு நாள் பயணத்தில் பாதியை ரொக்கமே இல்லாமல் செய்ய முடியாதா என்று கணக்குப் போடுங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமும் இடம் தருவதில்லை. கடைக்காரர்கள் வங்கியில் போடட்டும். சரக்குக்கும் ரொக்கத்துக்கும் வழிப்பயணக் காப்பீடு எடுங்கள். பெரிய தொகை இருக்கிற நாளில் உரிமம் பெற்ற பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து ஆயுதக் காவலரை அழைத்துக்கொள்ளலாம், அவருடைய உரிமத்தின் நகலை மட்டும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். இரவு பத்து மணிக்குக் கிளம்புவதை விட்டு, கடலூரில் தங்கி விடியற்காலையில் கிளம்புங்கள். லாட்ஜ் வாடகை வக்கீல் பீஸைவிடக் குறைவு, இதை நானே சொல்கிறேன்.

பதில் வரும்வரை அடுத்த பயணத்தைத் தள்ளி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயணத்தைத் தள்ள வேண்டாம், போய் வாருங்கள், டேஷ்போர்டு காலியாக இருக்கட்டும். திரும்பி வந்த மறுநாள் காலையில் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். அதுவரை பீரோ சாவி உங்கள் கையில் வேண்டாம், அம்மாவிடம் இருக்கட்டும்.